சரக்குக்கும் ஸனது வேண்டும்

 

வியாபாரியிடம் கேட்கப்படும் கேள்விகளில் விலை பற்றியது எளிது. அளவு பற்றியதும் எளிது. சரக்கின் பிறப்பைப் பற்றிய கேள்விதான் கடினமானது. சுங்கை வே வட்டாரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் நம்மவர்களிடம், ஆலைகளில் வேலை செய்யும் பெண்கள் அரிசி, பருப்பு, சோப்பு வாங்குவதோடு முகத்துக்குப் பூசும் கிரீமும் கைக்குத் தடவும் லோஷனும் வாங்கிச் செல்கிறார்கள். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் மஸ்ஜித் இந்தியா சாலையிலும் இச்சாமான்களை மொத்தமாகவும் சில்லறையாகவும் விற்போர் நம்மில் உண்டு. வாங்க வரும் ஒருவர் புட்டியைத் திருப்பி, பின்புறத்துச் சிறிய எழுத்தில் "கிளிசெரில் ஸ்டியரேட்" என்று இருப்பதைக் காட்டி, "பாய், இது எதிலிருந்து எடுத்தது?" என்று கேட்டால் நாம் என்ன சொல்வது?

பெரும்பாலும் நாம் சொல்லும் பதில்கள் மூன்று. "பூசுவதற்குத்தானே, சாப்பிடுவதற்கா?" என்பது ஒன்று. "எல்லாம் சோதித்த சரக்கு, கெடுதல் ஒன்றுமில்லை" என்பது இரண்டு. "கம்பெனிக்காரன் போட்டிருக்கிறான், எனக்கென்ன தெரியும்?" என்பது மூன்று. இப்பதில்கள் ஒரு முஸ்லிம் வியாபாரிக்குப் போதுமா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கெடுதல் பற்றிய பதிலை முதலில் எடுத்துக்கொள்வோம். அதற்கு இந்தப் பொருள் இன்னதென்று அறிவது அவசியம்.

பொருள் இன்னது

எண்ணெயும் தண்ணீரும் சேராது என்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஒரு குப்பியில் இரண்டையும் ஊற்றிக் குலுக்கினால் சிறிது நேரம் கலந்ததுபோல் தோன்றும். கீழே வைத்துவிட்டால் எண்ணெய் மேலே வந்து நிற்கும். கிரீம் என்பதோ எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் கூடியிருக்கும் ஒரு பால்மம். இரண்டையும் பிடித்து வைக்க நடுவில் ஒரு தரகன் தேவை. அந்தத் தரகு வேலையைச் செய்யும் பொருளுக்குப் பால்மமாக்கி என்று பெயர். கிளிசெரில் ஸ்டியரேட் அந்த இனத்தைச் சேர்ந்தது. அதன் ஒரு முனை நீரை நாடும். மறு முனை எண்ணெயை நாடும். இரண்டுக்கும் நடுவே நின்று ஒன்றையொன்று விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளும். அத்துடன் தோலின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து, உள்ளிருக்கும் ஈரம் விரைவில் உலர்ந்து போகாமல் காத்து, தோலை மிருதுவாக்கவும் செய்யும். ஒரு கிரீமில் நூற்றுக்குச் சில பங்குதான் இதைச் சேர்க்கிறார்கள்.

இதைச் செய்யும் முறையும் சிக்கலானதன்று. கொழுப்பு, எண்ணெய் யாவும் கிளிசரினும் கொழுப்பு அமிலங்களும் சேர்ந்த கூட்டு என்பதை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு இரசாயனி ஷெவ்ரல் தம் ஆராய்ச்சிகளால் விளக்கினார். அந்தக் கிளிசரினையும் ஸ்டியரிக் அமிலத்தையும் தனித்தனியே பிரித்தெடுத்து, ஏறக்குறைய 200 டிகிரியிலும் அதற்கு மேலும் சூடாக்கிச் சேர்த்தால், வெண்மையான மெழுகுச் செதில்களாக இந்தப் பொருள் கிடைக்கிறது.

நம் கடைகளுக்கு இதன் உறவினம் புதிதன்று. நம் பாட்டனார் காலத்து அலமாரிகளில் ஹேஸலின் ஸ்நோ இருந்தது. பம்பாயில் இ. எஸ். பட்டன்வாலா என்னும் முஸ்லிம் வணிகர் தயாரித்து விற்ற ஆப்கன் ஸ்நோ இந்தியா முழுவதும் பெயர் பெற்றிருந்தது. தடவியவுடன் மறைந்துபோகும் இந்த "ஸ்நோ" வகைகளுக்கு ஸ்டியரிக் அமிலமே அடிப்படை. அதனுடன் சிறிது காரம் சேர்த்தால் ஒரு பங்கு சோப்பாக மாறி எண்ணெயையும் நீரையும் பிணைக்கும். இன்றைய கிரீம் அந்த ஸ்நோவின் பேரப்பிள்ளை என்றே சொல்லலாம்.

கெடுதல் உண்டா?

இந்தப் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டால், கெடுதல் இல்லை என்பதே நிபுணர் முடிவு. அமெரிக்காவில் ஒப்பனைச் சாமான்களின் சேர்மானங்களை ஆராயும் நிபுணர் குழு 1982ஆம் ஆண்டிலேயே இதை ஆராய்ந்து, வழக்கத்திலுள்ள அளவில் பூசுவதற்குப் பாதுகாப்பானது என்று தெரிவித்தது. ரொட்டியிலும் ஐஸ்கிரீமிலும் மார்ஜரினிலும் இ 471 என்ற எண்ணுடன் சேர்க்கப்படுவது இதே குடும்பந்தான். நாம் உண்ணும் கொழுப்பு வயிற்றில் செரிக்கும்பொழுதும் இதே இனப் பொருள் இயல்பாக உண்டாகிறது. எதையும் தாங்காத தோல் சிலருக்கு உண்டு. அவர்கள் எந்தக் கிரீமையும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவிப் பார்த்து வாங்குவது நல்லது. அவ்வளவே.

ஆனால் ஒரு சேர்மானம் நல்லது என்பதால் புட்டி முழுவதும் நல்லது என்று ஆகிவிடாது. தோலை வெளுக்க வைக்கும் என்று சொல்லி விற்கப்படும் கிரீம்களில் பாதரசம் கலந்திருப்பதை மலேசியாவின் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் பலமுறை கண்டுபிடித்து, அச்சரக்குகளின் பதிவை ரத்து செய்திருக்கிறது. ஆசியான் விதிப்படி ஒப்பனைச் சாமானில் பாதரசம் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அது சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும்; கருவிலுள்ள குழந்தையையும் தாக்கும். பால்மமாக்கியின் பிறப்பைப் பற்றி ஆயிரம் விசாரணை செய்துவிட்டு, பாதரசக் கிரீமைக் கண்ணை மூடிக்கொண்டு விற்பவரின் பேணுதல் எத்தகையது? திருமறை ஹலாலை மட்டும் கேட்கவில்லை. அதனுடன் தூய்மையானதாகவும் நல்லதாகவும் இருக்க வேண்டும் என்று சேர்த்தே கேட்கிறது. ஆகவே "கெடுதல் ஒன்றுமில்லை" என்று சொல்லும் உரிமை, கெடுதல் உண்டா என்று பார்த்தவருக்கே உண்டு.

பிறப்பு எங்கே?

இனி நாம் எடுத்துக்கொண்ட கேள்விக்கு வருவோம். "ஸ்டியர்" என்னும் கிரேக்கச் சொல்லுக்கு மிருகக் கொழுப்பு என்று பொருள். ஸ்டியரிக் அமிலம் என்ற பெயரிலேயே மாட்டுக் கொழுப்பின் வாடை இருக்கிறது. முற்காலத்தில் மெழுகுவத்திக்கும் சோப்புக்கும் அதுவே மூலம். பன்றிக் கொழுப்பிலும் அந்த அமிலம் உண்டு.

இன்று அதே அமிலத்தைச் செம்பனை எண்ணெயிலிருந்தும் எடுக்கிறார்கள். மலேசியாவில் செம்பனையை முதன்முதலில் வியாபாரப் பயிராக நட்டது 1917ஆம் ஆண்டு, நம் சிலாங்கூர் மாநிலத்துத் தென்னமாரம் தோட்டத்தில். நட்டவர் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே. அதன்பின் பரவிய தோட்டங்களில் குலை வெட்டியும் பழம் சுமந்தும் வியர்வை சிந்தியவர்களில் நம் தமிழ் மக்கள் எத்தனையோ பேர். அந்த எண்ணெயைப் பிரித்து அமிலமும் கிளிசரினும் செய்யும் ஆலைகள் பின்னாளில் இந்நாட்டில் பெருகின. ஆகவே நம் கடையிலுள்ள கிரீமின் பால்மமாக்கி நம்மவர் வெட்டிய குலையிலிருந்தே வந்திருக்கலாம். வேறொரு நாட்டின் கசாப்புச் சாலையிலிருந்தும் வந்திருக்கலாம்.

இங்கேதான் சங்கடம். இரண்டிலிருந்தும் கிடைக்கும் கிளிசெரில் ஸ்டியரேட் ஒன்றே. பனையின் பிள்ளைக்கு ஒரு முகம், மாட்டின் பிள்ளைக்கு வேறொரு முகம் என்று இல்லை. மணமில்லை, நிறமில்லை, குணத்தில் வித்தியாசமில்லை. லேபிலில் எழுதப்படும் பெயரும் ஒன்றே. அவ்வளவு சூட்டில் சமைத்துச் சுத்திகரித்த பொருளில் பிராணியின் மரபணுவைத் தேடும் சோதனையும் பெரும்பாலும் உதவாது. முடிந்துபோன கிரீமைக் கையில் வைத்துக்கொண்டு அதன் பால்மமாக்கி எதிலிருந்து பிறந்தது என்று சொல்வது அரிது. பார்த்து அறிய முடியாததைக் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

பூசுவதற்குத்தானே?

"சாப்பிடுவதற்கா?" என்ற பதிலை மார்க்கத்தின் முன் வைத்துப் பார்ப்போம். நஜீஸ் வயிற்றுக்குள் போனால்தான் குற்றம் என்பதில்லை. தொழுகைக்கு உடலும் உடையும் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதை மதரஸாவில் ஓதும் சிறுவனும் அறிவான். ஒளுச் செய்யும் அதே முகத்தில், அதே கையில்தான் கிரீம் பூசப்படுகிறது. எனவே பூசும் பொருளைப் பற்றிய விசாரணை அனாவசியமானதன்று.

மேலும், விற்பனை வேறு, உபயோகம் வேறு என்பதையும் நாம் உணர்தல் வேண்டும். மக்கா வெற்றி கொள்ளப்பட்ட ஆண்டில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், மதுவையும் செத்த பிராணியையும் பன்றியையும் சிலைகளையும் விற்பது தடுக்கப்பட்டது என்று அறிவித்தார்கள். செத்த பிராணியின் கொழுப்பைக் கப்பலுக்குப் பூசுகிறார்களே, தோலுக்குத் தடவுகிறார்களே, விளக்கெரிக்கிறார்களே என்று அப்பொழுது கேட்கப்பட்டது. கூடாது, அது ஹராம் என்று பதில் வந்தது. ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அந்த மறுப்பு உபயோகத்தைக் குறிக்கிறதா, விற்பனையைக் குறிக்கிறதா என்பதில் இமாம்கள் கருத்து வேறுபட்டார்கள். உணவல்லாத காரியங்களில் அத்தகைய கொழுப்பைப் பயன்படுத்த இடமுண்டு, ஆனால் விற்பது ஹராம் என்பது ஷாஃபிஈ இமாம்கள் கண்ட முடிவு. கப்பலுக்குப் பூசிக்கொள்ளலாம், கடையில் வைத்து விற்கக் கூடாது! "நான் பூசிக்கொள்வதில்லை, விற்கத்தானே செய்கிறேன்" என்று சொல்லும் வியாபாரி இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

மாறியது பழையதாகுமா?

இன்னொரு வாதமும் உண்டு. அது கற்றவர் சொல்லும் வாதம். கொழுப்பு கொழுப்பாகவே இல்லை, இரசாயனத்தால் வேறொன்றாக மாறிவிட்டது. மாறியபின் பழைய சட்டம் ஏன் என்று கேட்கிறார்கள். இதற்கு நம் சட்டநூல்களில் இஸ்திஹாலா என்று பெயர். ஹனஃபி மத்ஹபில் இதற்கு விரிந்த இடமுண்டு. உப்பளத்தில் விழுந்த கழுதை நாளடைவில் உப்பாகவே மாறிவிட்டால் அது சுத்தமான உப்பே என்று அம்மத்ஹபின் பெரியார்கள் உதாரணம் காட்டினார்கள். நஜீஸான எண்ணெயால் செய்த சோப்பும் சுத்தமென்று தீர்ப்பளித்தார்கள். ஷாஃபிஈ மத்ஹபிலோ அந்த வாசல் குறுகியது. மது தானாகவே காடியாக மாறினால் சுத்தமாகும். பதனிட்ட தோல், நாயும் பன்றியும் நீங்கலாக, சுத்தமாகும். இப்படிச் சிலவே அங்கு ஏற்கப்படும். அன்றியும், கொழுப்பைப் பிரித்து மறுபடியும் சேர்த்தால் பிறப்பது கொழுப்பின் பங்காளியே ஆதலால், இது கழுதை உப்பானதைப் போன்ற முழு மாற்றந்தானா என்று கேட்கவும் இடமிருக்கிறது.

தமிழ் முஸ்லிம்களில் இரு மத்ஹபினரும் இருக்கிறோம். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களிலிருந்து வந்தோர் பெரும்பாலும் ஷாஃபிஈகள். ராவுத்தர் குடும்பங்கள் பெரும்பாலும் ஹனஃபிகள். நம் கடைக்கு வரும் மலாய்ச் சகோதரர்கள் ஷாஃபிஈகள். ஒரு ஹனஃபி வியாபாரி, "என் மத்ஹபில் இது சுத்தம்" என்று மனச்சாட்சியுடன் நினைக்கலாம். அந்தக் கிரீமைத் தாம் பூசிக்கொள்ளவும் செய்யலாம். ஆனால் அதைச் சொல்லாமல் ஒரு ஷாஃபிஈ சகோதரியிடம் விற்கலாமா?

விடையை இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் வாழ்விலேயே தேடுவோம். அவர்கள் கூஃபா நகரில் துணி வியாபாரம் செய்தவர்கள். குறையுள்ள ஒரு துணியைக் கூட்டாளியிடம் கொடுத்து, குறையைக் காட்டி விற்கும்படி சொல்லியிருந்தார்கள். கூட்டாளி சொல்ல மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யார் என்றும் நினைவில்லை. இமாமவர்கள் அந்தச் சரக்கின் கிரயம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள் என்று சரித்திரம் கூறுகிறது. வாங்கியவர் திரும்பி வந்து சண்டையிடவில்லை. துணியும் ஹராமானதன்று. ஆயினும் வாங்குபவர் அறிய வேண்டிய ஒன்று மறைந்துபோயிற்று என்பதே இமாமவர்களுக்குப் போதுமானதாயிருந்தது. மாற்றத்தை ஏற்கும் மத்ஹபின் இமாமே மறைப்பை ஏற்கவில்லை. மத்ஹப் என்பது என் உபயோகத்துக்கு நான் தேடிக்கொண்ட தீர்ப்பு. வாங்குபவரின் தீர்ப்பை அவருக்காக நான் இரகசியமாக எழுதிவிட எனக்கு அதிகாரமில்லை.

எனக்கென்ன தெரியும்?

மூன்றாவது பதில் இது. கண்ணால் அறிய முடியாத பொருள், சோதனையிலும் எளிதில் அகப்படாத பொருள் என்று மேலே கண்டோம். அப்படியானால் அதைப் பற்றிய உண்மை எதில் தங்கியிருக்கிறது? சொல்பவரின் வாக்கில் தங்கியிருக்கிறது. ஆலை மொத்த வியாபாரிக்குச் சொல்லி, மொத்த வியாபாரி சில்லறைக் கடைக்காரருக்குச் சொல்லி, கடைக்காரர் வாங்குபவருக்குச் சொல்ல வேண்டிய செய்தி அது. இது நமக்குப் பழக்கமில்லாத முறையா? நபிமொழியை நாம் ஏற்றுக்கொண்டதே இந்த முறையில்தானே! யார் சொன்னார், அவருக்கு யார் சொன்னார், அவர் நம்பத்தக்கவரா என்று சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் ஆராய்ந்த சமுதாயம் நம்முடையது. நடுவில் ஒருவர், "எனக்கென்ன தெரியும்?" என்று விட்டுவிட்டால் ஸனது அறுந்துபோகும். சரக்குக்கும் அதே நியாயந்தான். கடைக்காரர் சங்கிலியின் கடைசிக் கண்ணி. வாங்குபவர் பார்ப்பது அவரது முகத்தை மட்டுமே.

ஸனது அறுந்தால் என்னவாகும் என்பதற்குச் சரித்திரத்தில் சான்று இருக்கிறது. 1857ஆம் ஆண்டு வட இந்தியாவில் கும்பெனியார் தம் சிப்பாய்களுக்கு என்பீல்டு துப்பாக்கியைக் கொண்டுவந்தார்கள். அதன் தோட்டா உறையில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் பூசியிருப்பதாகப் பேச்சு பரவியது. உறையை வாயால் கடித்துத் திறக்க வேண்டியிருந்தது. சிப்பாய்கள் தத்தமக்கு உகந்த எண்ணெயையும் மெழுகையும் பூசிக்கொள்ளலாம் என்று பின்னர் அனுமதித்தார்கள். ஆனால் சந்தேகம் தீரவில்லை. ஏப்ரல் 24ஆம் நாள் மீரட்டில், பழைய வகைத் தோட்டாக்களையே கொடுத்தபொழுதும், குதிரைப்படையினர் 85 பேர் வாங்க மறுத்தார்கள். மே 10ஆம் நாள் அங்கே கிளர்ச்சி மூண்டது. அப்புரட்சிக்கு வேறு பெரிய காரணங்கள் பல உண்டு. ஆயினும் கொழுப்பு எதனுடையது என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லாத ஆட்சியின் வாக்கு, பிறகு உண்மையைச் சொன்னபொழுதும் செல்லவில்லை என்பதை வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டும்.

நம் காலத்திலும் இப்படி நடந்தது. 2001ஆம் ஆண்டு ஜனவரியில் இந்தோனேசியாவில் அஜினோமோட்டோ சரக்குகள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. அப்பொருளை உண்டாக்கும் நுண்ணுயிருக்கு ஊட்டமாகக் கொடுத்த ஒன்றைத் தயாரிக்கையில் பன்றியிலிருந்து எடுத்த நொதியைப் பயன்படுத்தியிருந்தார்கள் என்பது தெரியவந்தது. முடிந்த சரக்கில் பன்றியின் அம்சம் இல்லை என்று கூறி, அப்போதைய ஜனாதிபதி அப்துர் ரஹ்மான் வாஹித் அது ஹலாலே என்றார். உலமா சபையோ கூடாது என்றது. மார்க்கம் கற்றவர்களே இரு பக்கம் நின்ற பிரச்சினை அது. ஆனால் இரு பக்கமும் நில்லாத சாதாரண ஜனங்களுக்கு மனவருத்தம் ஒன்றுதான்: இத்தனை நாள் நமக்குச் சொல்லவில்லையே!

இதற்கு மறுபுறமும் உண்டு. அதையும் நீதியாகச் சொல்ல வேண்டும். 2014ஆம் ஆண்டு மே மாதத்தில் மலேசியாவில் இரண்டு வகைக் கேட்பரி சாக்லேட்டுகளில் பன்றியின் மரபணு காணப்பட்டதாகச் சுகாதார அமைச்சு அறிவித்தது. எங்கும் கோபம், எங்கும் பகிஷ்காரப் பேச்சு. பின்னர் ஜாக்கிம் என்னும் இஸ்லாமிய வளர்ச்சித் துறை ஆலைக்கே சென்று மாதிரிகளை எடுத்துச் சோதித்து, அவற்றில் அப்படி எதுவும் இல்லை என்று ஜூன் மாதம் அறிவித்தது. செய்தி வந்தால் தீர விசாரித்துக்கொள்ளுங்கள் என்ற திருமறையின் கட்டளை இதற்காகத்தானே! பக்கத்துக் கடைக்காரரின் சரக்கைப் பற்றி விசாரியாமல் ஹராம் என்று பரப்புவதும் ஸனது இல்லாத பேச்சே. மறைப்பவரும் ஸனதைக் கெடுக்கிறார், புனைபவரும் கெடுக்கிறார்.

அண்டை வீட்டாருக்கும் இந்த நீதியே

இதுவரை நம்மவரைப் பற்றியே பேசினோம். நம் கடைக்கு வருபவர் எல்லோரும் முஸ்லிம்களா? தமிழ் இந்துச் சகோதரிகள் வருகிறார்கள். மாட்டிறைச்சியைத் தவிர்க்கும் சீனரும் வருகிறார்கள். முறைப்படி அறுத்த மாட்டின் கொழுப்பிலிருந்து செய்த கிரீம் ஒன்று நம் கடையில் இருந்தால் அது நமக்கு ஹலால். விளக்கேற்றிக் கும்பிடும் ஓர் அம்மாளுக்கு அது முகத்தில் பூசத் தகாத பொருள். அவர் "பாய், இதில் மாட்டுக் கொழுப்பு இருக்கிறதா?" என்று கேட்டால், "எங்களுக்கு ஹலால்தான்" என்று மழுப்புவது பதிலாகுமா?

பன்றிக் கொழுப்பை நமக்குச் சொல்லாமல் விற்றவர்மேல் நமக்கு எத்தனை கோபம் வருகிறதோ, அத்தனை நியாயம் அவர் பக்கத்திலும் இருக்கிறது. மதீனாவின் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். வாங்குபவர் எந்த மார்க்கத்தவர் என்ற பேச்சே அங்கு எழவில்லை. நமக்கு வேண்டிய உண்மையை உலகம் நமக்குச் சொல்ல வேண்டுமென்று கேட்கும் நாம், பிறருக்கு வேண்டிய உண்மையைப் பிறருக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

செய்யத்தக்கது

"இப்படியெல்லாம் பார்த்தால் கடை நடத்த முடியுமா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மார்க்கம் நம்மை வீண் சந்தேகத்தில் தள்ளவில்லை. விலக்கப்பட்டதற்குச் சான்று இல்லாத பொருள்கள் அனுமதிக்கப்பட்டவை என்பதே பொது விதி. ஒவ்வொரு புட்டியையும் கண்டு நடுங்க வேண்டியதில்லை. நம்மால் ஆகக்கூடியது சிலவே.

முதலாவது, அரசு அமைத்துள்ள வழியைப் பயன்படுத்திக்கொள்வது. ஆசியான் நாடுகளின் பொது விதி 2008ஆம் ஆண்டு முதல் மலேசியாவில் அமலில் இருக்கிறது. அதன்படி ஒப்பனைச் சாமானை விற்பனைக்கு விடுமுன் கம்பெனியார் மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்துக்கு அறிவித்திருக்க வேண்டும். அறிவிக்கப்பட்டதா என்பதை அந்நிறுவனத்தின் பதிவேட்டில் பார்க்கலாம். ஆயினும் அறிவிப்பு என்பது ஒவ்வொரு புட்டியையும் அரசு முன்கூட்டிச் சோதித்ததற்கு அத்தாட்சியன்று, பொறுப்பு கம்பெனியாருடையதே. மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுத்த சேர்மானத்தை லேபிலில் பெயர் சொல்லித் தெரிவிக்கும்படி கேட்கவும் அந்த விதிகளில் இடமுண்டு. ஆனால் பெட்டியில் மறைத்துக் கொண்டுவரும் சரக்கும், பெயரில்லாச் சிறு டப்பாக்களில் அடைத்து வரும் சரக்கும் எந்த விதிக்கும் கட்டுப்படுவதில்லை. அவற்றைத் தொடாதிருப்பதே நலம்.

இரண்டாவது, ஹலால் சான்று. ஒப்பனைச் சாமான்களுக்கென்றே 2008ஆம் ஆண்டில் மலேசியத் தர அளவை வெளிவந்தது. இப்பொழுது அதன் இடத்தில் எம்.எஸ். 2634:2019 இருக்கிறது. சான்று பெறுவது கம்பெனியாரின் விருப்பம். பெற்றிருந்தால் நம் பாரம் பெரிதும் குறைகிறது. சான்றில்லாத சரக்குக்கு நாமே ஹலால் முத்திரை ஒட்டிவிடக் கூடாது. அது 2011ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டத்தின்கீழ் குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் பொய்.

மூன்றாவது, சான்று இல்லாத இடத்தில் சரக்குப் போடுபவரிடம் கேட்பது. பால்மமாக்கி, ஸ்டியரிக் அமிலம், கிளிசரின் இவை தாவரத்திலிருந்தா, பிராணியிலிருந்தா என்று ஒரு வரி எழுதித் தரச் சொல்லலாம். நம் கடை ஒன்று கேட்டால் அலட்சியம் செய்வார்கள். சங்கத்தின் பேரால் இருபது கடைகள் சேர்ந்து கேட்டால் பதில் வரும். திரும்பத் திரும்பக் கேட்டும் பதில் சொல்லாதவரின் மௌனமும் ஒரு பதிலே.

நான்காவது, தெரியாததைத் தெரியாது என்று சொல்வது. "இதன் மூலம் எனக்குத் தெரியாது, அம்மா, தெரிந்த சரக்கு இதோ இருக்கிறது" என்று சொல்வதால் ஒரு விற்பனை போகலாம். அந்த அம்மாள் அடுத்த முறை வேறு எதையும் கேட்காமல் நம் கையிலிருந்து வாங்குவார். அதற்கு விலை ஏது?

ஹலாலும் தெளிவு, ஹராமும் தெளிவு, இரண்டுக்கும் நடுவே பலருக்குத் தெரியாத சந்தேகமானவை உண்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். சந்தேகத்தை விட்டுத் தன் மார்க்கத்தைக் காத்துக்கொள்வது வாங்குபவரின் உரிமை. அந்த உரிமையை அவர் செலுத்த வேண்டுமானால், சந்தேகம் இருப்பதை அவருக்கு யாராவது சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல வேண்டியவர் விற்பவரே. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, உள்ளதை வெளிப்படுத்தினால் அவ்விருவரின் வியாபாரத்திலும் பரக்கத் உண்டு; மறைத்துப் பொய் பேசினால் அந்தப் பரக்கத் துடைத்தெடுக்கப்படும் என்பதும் அவர்களின் வாக்கே.

நம் முன்னோர் பலர் இந்நாட்டுக்கு வந்து, தராசையும் வாக்கையுமே முதலாக வைத்துக் கடை திறந்தார்கள். தராசை இன்று இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. வாக்கு இன்னும் நம் பொறுப்பில்தான் இருக்கிறது. வல்ல அல்லாஹ் நம் கையையும் நாவையும் அமானத்தில் நிலைத்திருக்கச் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.